கால்பந்தும் கள்ள ஒளிபரப்பும்

2005-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வேடிக்கை இது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மான்செஸ்டரில் ஆட்டம் நடக்கிறது. மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ரசிகருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வீட்டில் டி.வி. இருக்கிறது. கூரையில் டிஷ் ஆன்டெனா இருக்கிறது. மாதச் சந்தாவும் தவறாமல் கட்டி வருகிறார். இருந்தும் அந்த ஆட்டம் அவருடைய டி.வி.யில் வராது. அதே நேரத்தில் சீனாவில் ஒருவர் அதே ஆட்டத்தை உள்ளூர் சானலில் தனிக் கட்டணம் ஏதும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்!

இங்கிலாந்து ரசிகர் என்ன செய்வார்? கணினியைத் திறப்பார். சீனாவில் எழுதப்பட்ட ஒரு சின்ன மென்பொருளை இறக்கிக்கொள்வார். புரியாத சீன எழுத்துகளுக்கு நடுவே சரியான சானலைத் தேடிப் பிடித்து அழுத்துவார். தபால்தலை அளவில் ஒரு படம், அதுவும் விட்டு விட்டு வரும். வர்ணனை சீன மொழியில் இருக்கும். பந்து எங்கே என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டும். மைதானத்தில் எழும் கூச்சல் ஜன்னல் வழியாக முதலில் காதில் விழும். அந்த கோல் சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்து, சற்று நேரம் கழித்துத்தான் திரையில் தெரியும்.

சொந்த ஊர் ஆட்டத்தைச் சீனா வழியாகப் பார்க்கும் நிலை ஏன் வந்தது? அது திருட்டா, இல்லை நியாயமா? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கணினிக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும்.

மூன்று மணித் தடை

கால்பந்து தொலைக்காட்சிக்கு வந்தது மிகப் பழைய கதை. 1937 செப்டம்பர் 16 அன்று லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணியும் அதன் ரிசர்வ் அணியும் ஆடியதை பி.பி.சி. காட்டியது. ஆனால் லீக் ஆட்டங்களை நேரடியாகக் காட்ட அணி முதலாளிகள் லேசில் சம்மதிக்கவில்லை. 1960 செப்டம்பர் 10 அன்று பிளாக்பூல் அணியும் போல்டன் அணியும் மோதியதை ஐ.டி.வி. நேரடியாக ஒளிபரப்பியது. அத்தோடு சரி. அடுத்த நேரடி லீக் ஆட்டம் வர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்களுடைய பயம் வாசல் வசூலைப் பற்றியது. அன்றைய அணிகளுக்கு முக்கிய வருமானம் மைதானத்துக் கதவில் வாங்கும் காசுதான். பர்ன்லி அணியின் தலைவராக இருந்த பாப் லார்ட், இதைச் சொல்லியே மற்ற அணித் தலைவர்களைத் தன் பக்கம் திருப்பினார். பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டுக்கே வந்துவிட்டால், குளிரிலும் மழையிலும் நின்று சின்ன ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்பது அவர் வாதம். இதன்படி 1960-களில் ஒரு தடை வந்தது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரடியாகக் காட்டக் கூடாது. இன்று வரை இந்தத் தடை நீடிக்கிறது.

ஆட்டம் முடிந்த பிறகு சில பகுதிகளை மட்டும் காட்ட அனுமதி இருந்தது. அப்படி 1964 ஆகஸ்ட் 22 அன்று பி.பி.சி. தொடங்கியதுதான் 'மேட்ச் ஆஃப் த டே' நிகழ்ச்சி. லிவர்பூல் அணி ஆர்சனலை 3-2 என வென்ற ஆட்டம் அது. பார்த்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். அன்று மைதானத்தில் இருந்த கூட்டம் அதைவிட அதிகம்!

அந்தத் தடையில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஏழை அணிகளைக் காப்பாற்ற வந்த வேலி அது. ஆனால் அது பிரிட்டனுக்கு மட்டும்தான் பொருந்தும். வெளிநாட்டில் யாராவது இந்த ஆட்டங்களை வாரா வாரம் நேரடியாகப் பார்ப்பார்கள் என்று 1960-களில் யார் நினைத்திருப்பார்கள்? பிற்காலத்தில் ஓட்டை விழுந்த இடம் இதுதான்.

டிஷ் ஆன்டெனா வந்தது

1980-கள் இங்கிலாந்துக் கால்பந்துக்குக் கெட்ட காலம். 1989-இல் ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலின் விளைவாக 97 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு மேல்நிலை அணிகள் எல்லாம் நின்று பார்க்கும் படிகளை எடுத்துவிட்டு இருக்கைகள் போட வேண்டும் என்று விதி வந்தது. அதற்குப் பணம் வேண்டும். பெரிய அணிகளுக்கோ டி.வி. பணத்தைச் சின்ன அணிகளோடு பங்கிடப் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து 1992-இல் பிரீமியர் லீக் பிறந்தது.

அதே சமயம் ரூபர்ட் முர்டாக்கின் ஸ்கை நிறுவனம் பணத்தை இழந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து டிஷ் ஆன்டெனா வாங்க மக்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 1992 மே மாதம் லண்டன் ஹோட்டல் ஒன்றில் அணித் தலைவர்கள் கூடினார்கள். ஐ.டி.வி. 26.2 கோடி பவுண்ட் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த டோட்டன்ஹாம் அணித் தலைவர் ஆலன் சுகர், ஸ்கைக்குத் தொலைபேசியில் பேசி விலையை உயர்த்தச் சொன்னார். ஸ்கைக்கு டிஷ் ஆன்டெனா தயாரித்துக் கொடுத்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் அவருடையதுதான்! கடைசியில் ஸ்கையும் பி.பி.சி.யும் சேர்ந்து கொடுத்த ஐந்தாண்டுக்கு 30.4 கோடி பவுண்ட் என்ற விலை வென்றது. நேரடி ஆட்டங்கள் ஸ்கைக்கு, இரவில் காட்டும் தொகுப்பு பி.பி.சி.க்கு. 1992 ஆகஸ்ட் 16 அன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி லிவர்பூலை 1-0 என வென்ற ஆட்டம்தான் ஸ்கை காட்டிய முதல் பிரீமியர் லீக் ஆட்டம்.

அதுவரை நேரடி லீக் ஆட்டத்தைப் பார்க்க ஒரு டி.வி. பெட்டியும் அரசு உரிமக் கட்டணமும் போதும். அன்றோடு அது முடிந்தது. மூடிய கதவுகளை உடைக்க உதவும் பெருந்தடி போல விளையாட்டைப் பயன்படுத்துவோம் என்ற பொருளில் முர்டாக் 1996-இல் வெளிப்படையாகவே பேசினார்.

விலை ஏறிய வேகம் மலைக்க வைக்கும். 1997-இல் நான்கு ஆண்டுக்கு 67 கோடி பவுண்ட். 2007-இல் மூன்று ஆண்டுக்கு 170 கோடி. 2013-இல் 301.8 கோடி. 2016-இல் 513.6 கோடி. இந்தப் பணம் கடைசியில் யாரிடமிருந்து வந்தது? சந்தா கட்டியவரிடமிருந்துதான்.

ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் வளைத்துப்போடுவது சரியல்ல என்று ஐரோப்பிய ஆணையம் தலையிட்டது. எனவே 2007 முதல் உரிமைகள் ஒருவருக்கே போகக் கூடாது என்றானது. போட்டி வந்தால் விலை குறையும் என்பது கணக்கு. நடந்தது வேறு. முன்பு ஒரு சந்தா கட்டியவர் இப்போது எல்லா ஆட்டத்துக்கும் இரண்டு சந்தா கட்ட வேண்டியதாயிற்று!

எத்தனை சந்தா கட்டினாலும் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் மட்டும் கிடையாது. ஒரு பருவத்தில் மொத்தம் 380 ஆட்டங்கள். 2007-இல் பிரிட்டனில் நேரடியாக வந்தவை 138. ஆனால் வெளிநாடுகளுக்கு அதைவிட மிக அதிகமான ஆட்டங்கள் விற்கப்பட்டன. ஒரே ஆட்டம் ஒரு நாட்டில் மலிவு, இன்னொரு நாட்டில் விலை அதிகம், ஆடும் ஊரிலோ கிடைக்கவே கிடைக்காது!

வூகான் மாணவர்களின் மென்பொருள்

ஒரு வீடியோவை ஒரே சர்வரிலிருந்து எல்லோருக்கும் அனுப்பினால், பார்ப்பவர்கள் கூடக் கூட சர்வர் திணறும். இணையத்தில் நேரடி ஒளிபரப்புக்கு ஆரம்பத்தில் இருந்த பெரிய தடங்கல் இது. 2004 வாக்கில் சீனாவிலும் ஹாங்காங்கிலும் இருந்த இளைஞர்கள் இதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டு. ஒரு துண்டு கிடைத்தவர் அதை அடுத்தவருக்கு அனுப்பட்டும். அன்னதானப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரே அடுத்த பந்திக்குப் பரிமாறுவது மாதிரி. இந்த முறையில் கூட்டம் கூடினால் பரிமாறவும் கை கூடும். பெரிய சர்வரும் வேண்டாம், பெரிய முதலீடும் வேண்டாம்.

கூல்ஸ்ட்ரீமிங், சாப்காஸ்ட், பிபிலைவ் என்று வரிசையாக மென்பொருள்கள் வந்தன. இவற்றில் பிபிலைவ், வூகான் நகரத்து ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பிராட்பேண்ட் பரவத் தொடங்கிய நேரம். சீனாவின் மாகாணத் தொலைக்காட்சிகளில் வந்த பிரீமியர் லீக் ஆட்டங்கள் இந்த மென்பொருள்கள் வழியாக உலகமெல்லாம் கசிந்தன. பிறந்த ஊருக்கும் திரும்பி வந்தன.

2007-இல் சீனாவின் கதவும் மூடியது. அந்த ஆண்டு முதல் வின் டிவி என்ற கட்டணச் சானல் அங்கே பிரீமியர் லீக் உரிமையை வாங்கிக்கொண்டது. இலவசமாகப் பார்த்துப் பழகிய சீன ரசிகர்களில் பலர் சந்தா கட்ட முன்வரவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. இங்கிலாந்து ரசிகர் பிடித்த அதே இணைய வழியைச் சீன ரசிகரும் பிடித்தார்.

அதே ஆண்டு அமெரிக்காவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தன் அன்றாட வாழ்க்கையை இணையத்தில் நேரடியாகக் காட்டினார். அந்தத் தளம்தான் ஜஸ்டின் டிவி. சில மாதங்களில் யார் வேண்டுமானாலும் அதில் ஒளிபரப்பலாம் என்று திறந்துவிட்டார்கள். தங்கள் டி.வி.யில் ஓடும் ஆட்டத்தை அப்படியே அதில் ஏற்றிவிட ஆட்கள் கிளம்பினார்கள். 2009 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விளையாட்டு ஒளிபரப்புத் திருட்டைப் பற்றி விசாரித்தபோது, இந்தத் தளத்தின் நிர்வாகியும் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு பப்பும் ஒரு கிரேக்க கார்டும்

இணையத்துக்கு வெளியேயும் இதே சண்டை நடந்தது. அதில் பெரும் தீர்ப்பு ஒன்றைப் பெற்றுத் தந்தவர், போர்ட்ஸ்மவுத் நகரத்தில் 'ரெட், ஒயிட் அண்ட் புளூ' என்ற பப் நடத்திய கேரன் மர்ஃபி என்ற பெண்மணி.

ஸ்கை பப்புகளிடம் வாங்கிய கட்டணம் மாதம் ஏறக்குறைய 700 பவுண்ட். கிரேக்க நாட்டு நோவா நிறுவனத்தின் கார்டுக்கு ஆண்டுக்கே சுமார் 800 பவுண்ட்தான். மர்ஃபி கிரேக்க கார்டைப் பணம் கொடுத்து வாங்கிப் போட்டார். வழக்குப் பாய்ந்தது. அபராதமும் செலவுமாக ஏறக்குறைய 8,000 பவுண்ட் கட்டச் சொன்னது நீதிமன்றம். அவர் விடவில்லை. ஐரோப்பாவுக்குள் வேறு எந்தப் பொருளையும் மலிவாகக் கிடைக்கும் நாட்டிலிருந்து வாங்கலாம், கால்பந்து ஒளிபரப்பை மட்டும் ஏன் வாங்கக் கூடாது என்று கேட்டார்.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2011 அக்டோபர் 4 அன்று தீர்ப்பு வந்தது. வெளிநாட்டு கார்டைக் கொண்டுவரத் தடை போடுவது ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். இன்னொரு சுவையான விஷயமும் அதில் இருந்தது. கால்பந்து ஆட்டம் என்பது பதிப்புரிமை பெறத்தக்க படைப்பு அல்ல. விதிகளுக்குள் நடக்கும் விளையாட்டில் அப்படிப்பட்ட படைப்புச் சுதந்திரத்துக்கு இடமில்லை. ஆனால் ஒளிபரப்பில் வரும் பிரீமியர் லீக் இசை, முகப்புக் காட்சி, வரைகலை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. அவற்றைப் பப்பில் காட்ட அனுமதி வேண்டும். அதாவது ஆட்டத்துக்கு இல்லாத காப்பு, ஆட்டத்துக்கு முன்னால் வரும் பாட்டுக்கு உண்டு!

2012 பிப்ரவரியில் மர்ஃபியின் மீதான தண்டனையை லண்டன் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டில் வெளிநாட்டு கார்டு வைத்துப் பார்ப்பவருக்கு இது வெற்றி. பப்புகளுக்கு அரை வெற்றிதான்.

தடுப்பும் தாண்டலும்

இணையத் தளங்கள் மீதும் வழக்குகள் குவிந்தன. ஆட்டங்களுக்கு இணைப்புகளைத் தொகுத்துக் கொடுத்த ரோஹாதிரெக்தா என்ற ஸ்பெயின் தளம், இணைப்பு தருவது மட்டும் குற்றமாகாது என்று தன் நாட்டு நீதிமன்றத்தில் அப்போது தப்பித்தது. ஆனால் 2011-இல் அமெரிக்க அதிகாரிகள் அதன் டொமைன் பெயர்களைக் கைப்பற்றினார்கள். வேறு பெயரில் தளம் உடனே ஓடியது. கைப்பற்றிய பெயர்களை 2012 ஆகஸ்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

2013 ஜூலையில் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் ஃபர்ஸ்ட்ரோ என்ற தளத்தைத் தடுக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2017 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கள்ள ஒளிபரப்பு வரும் சர்வர்களைத் தேடித் தேடித் தடுக்கலாம் என்று அனுமதித்தது. ஆட்டம் முடிந்ததும் தடையும் விலகும். மைதானத்தில் 22 பேர் ஓட, இணையத்தில் இன்னொரு ஓட்டப் பந்தயம் நடந்தது.

கள்ள ஒளிபரப்பும் மாறிவிட்டது. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பரிமாறிய காலம் போய், அது வியாபாரமானது. மாதம் 10 பவுண்டுக்கு எல்லாச் சானல்களும் என்று விற்ற ஃபிளாலெஸ் என்ற கும்பலுக்கு 50,000-க்கும் மேல் வாடிக்கையாளர்கள். வசூல் 70 லட்சம் பவுண்ட். பிரீமியர் லீக்கே தொடுத்த வழக்கில் 2023 மே மாதம் அந்தக் கும்பலைச் சேர்ந்த ஐந்து பேருக்கு மொத்தமாக 30 ஆண்டுகளுக்கும் அதிகமான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏழை ரசிகனுக்கு உதவி என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஒரு முதலாளியிடம் கொடுக்காத காசை இன்னொரு முதலாளியிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ரசிகர்கள் காசே கொடுக்க மாட்டார்களா?

இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம்.

2009 ஜூனில் செட்டான்டா என்ற கட்டணச் சானலின் பிரிட்டன் பிரிவு நொடித்துப் போனது. அதனிடம் இருந்த இங்கிலாந்து - உக்ரைன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு ஆள் இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று அந்த ஆட்டம் பிரிட்டனில் இணையத்தில் மட்டும் நேரடியாக வந்தது. இங்கிலாந்து அணியின் ஆட்டம் இப்படி வந்தது அதுதான் முதல் முறை. முன்கூட்டிப் பதிந்தால் 4.99 பவுண்ட், ஆட்ட நாளில் 11.99. இணையத்தில் கால்பந்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். இங்கிலாந்து 1-0 எனத் தோற்றது வேறு கதை.

இரண்டாவது 2020-இல். கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. ஜூனில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது மீதமிருந்த 92 ஆட்டங்களும் நேரடியாக வந்தன, அவற்றில் 33 இலவசம். மூன்று மணித் தடையும் தற்காலிகமாக விலகியது. ஆனால் அக்டோபரில் வழக்கமான ஒளிபரப்பில் இல்லாத ஆட்டங்களுக்கு ஆட்டத்துக்கு 14.95 பவுண்ட் என்று விலை வைத்தார்கள். மக்கள் வேலை இழந்திருந்த நேரம் அது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். நியூகாசில் ரசிகர்கள் அந்தப் பணத்தை ஊரில் பசித்தவர்களுக்கு உணவு வழங்கும் மையத்துக்குக் கொடுத்தார்கள். மற்ற அணிகளின் ரசிகர்களும் அதைப் பின்பற்றினார்கள். அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆட்டத்துக்குக் கொடுக்க மறுத்த அதே கை, உணவு மையத்துக்குக் கொடுத்தது. இந்த ரசிகர்கள் ஓசிக்கு அலைபவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. விலையில் நியாயம் இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி.

கள்ள வழி ராஜபாட்டையானது

வூகானில் பிறந்த பிபிலைவ் என்ன ஆனது? அது பிபிடிவி என்று பெயர் மாறி, சுனிங் என்ற பெரும் வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016-இல் அதே நிறுவனம் 2019 முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சீனாவில் பிரீமியர் லீக் உரிமையை ஏறக்குறைய 70 கோடி டாலருக்கு வாங்கியது! ஒரு காலத்தில் காசில்லாமல் ஆட்டம் கசிந்த அதே குழாய், பின்னாளில் லீக்கின் மிகப் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆனது. ஆனால் 2020-இல் தவணைப் பணம் வரவில்லை என்று லீக் ஒப்பந்தத்தை முறித்தது. 2022 ஜனவரியில் 21 கோடி டாலருக்கு மேல் பாக்கியைக் கட்டும்படி லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஜஸ்டின் டிவி நிறுவனம் ட்விட்ச் ஆனது. 2014-இல் அமேசான் அதை வாங்கியது. அந்த அமேசானே 2019 முதல் 2025 வரை பிரிட்டனில் இணையம் வழியாகப் பிரீமியர் லீக் ஆட்டங்களை முறையாகக் காட்டியது. நேற்று கள்ளத்தனம் என்று விரட்டிய வழியில் இன்று உரிமையாளர்களே ஊர்வலம் போகிறார்கள்.

2022 முதல் 2025 வரையிலான ஒப்பந்த காலத்தில் லீக்கின் வெளிநாட்டு உரிமை வருமானம் உள்நாட்டு வருமானத்தை முதல் முறையாக மிஞ்சியது. 2025-இல் தொடங்கிய புதிய உள்நாட்டு ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 670 கோடி பவுண்ட். பருவத்துக்குக் குறைந்தது 267 ஆட்டங்கள் பிரிட்டனில் நேரடியாக வரும். ஆனாலும் சனிக்கிழமை மூன்று மணிக்குத் திரை இருட்டுதான்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. சின்ன அணிகள் இன்றும் அந்தத் தடையை நம்பி இருக்கின்றன. அவற்றின் வாசல் வசூலைக் காக்க ஒரு வேலி வேண்டும் என்றால் அதில் தவறு சொல்ல முடியாது. அணிகளுக்குப் பணம் வராவிட்டால் ஆட்டமும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் பாப் லார்ட் போட்ட வேலி ஏழை அணிக்காகப் போட்டது. அதன் மேல் பிற்பாடு ஒவ்வொருவரும் தங்கள் கட்டணத்தை ஏற்றி வைத்ததில், வேலிக்கு வெளியே நிற்பவன் ஏழை ரசிகன் ஆகிவிட்டான். தாத்தா வாசலில் சில்லறை கொடுத்து உள்ளே போன அணியை, பேரன் சீன வர்ணனையோடு தபால்தலை அளவுப் படத்தில் பார்த்தான்.

அவன் செய்தது சட்டப்படி தவறு என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஆனால் அத்தனை சிரமப்பட்டு, மொழி புரியாமல், கோல் விழுந்த சத்தத்தை ஜன்னலில் கேட்டுவிட்டுத் திரையில் காத்திருந்தவனுக்கு ஆட்டத்தின் மேல் மதிப்பு இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.